ஜே போட்ட எட்டு பேப்பர்

இதுலயும் ஜே. எண்ணிப் பாரு தமயந்தி, அவசரப்படாதே. காலைக் கட்டுல பன்னெண்டு பேப்பர், திருத்தி இடது பக்கம் கவுத்து வச்சது ஆறு, அதுல ரெண்டே ரெண்டு பேர்தான் கலப்பெண் கணக்கை ஊர் உலகத்துல எல்லாரும் எழுதுற மாதிரி ஐ போட்டு எழுதியிருக்காங்க, மிச்ச நாலும் ஜே, இப்ப கையில இருக்கிற ஏழாவதும் ஜே. மைனஸ் ஒண்ணோட வர்க்கமூலத்துக்குப் பேரு ஐ. புத்தகத்துல ஐ, விடைக்குறிப்புல ஐ, இருபத்தேழு வருஷமா பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு நான் போர்டுல எழுதிப் போட்டது ஐ. கேள்வித்தாள்லயும் z = −1 − i√3 எனில் துருவ வடிவில் எழுதி z⁶ காண்கனு தெளிவா அச்சடிச்சுத்தான் குடுத்திருக்கு, அஞ்சு மார்க். அதைப் பார்த்து எழுதுற பிள்ளை அடுத்த வரியிலயே −1 − j√3-னு ஆரம்பிக்குது. முதல் பேப்பர்ல பார்த்தப்போ ஏதோ கிறுக்குனு நெனச்சு அதைச் சுத்தி ஒரு சிவப்பு வட்டம் போட்டுட்டுப் போயிட்டேன். அடுத்ததுல பார்த்தப்போ அட, இன்னொரு கிறுக்குனு நெனச்சேன். மூணாவது ஜேயில எனக்கு முதுகு நிமிர்ந்துடுச்சு. அஞ்சு பேருக்கு ஒரே கிறுக்கு பிடிக்காது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க, சொல்லிக் குடுத்ததுக்கு ஏதோ காரணம் இருக்கு, அது நல்ல காரணமா இருக்காது. தலைக்கு மேல ஃபேன் கடக் கடக்னு ஆடிக்கிட்டுச் சுத்துது, காத்து மட்டும் வரல. இந்த ஹால்ல நாப்பது டீச்சருங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு பரிட்சைப் பேப்பர் திருத்துறாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, எனக்குன்னு வந்து வாய்ச்சுது பாரு.

வெக்டர் பாடத்துல வர்ற ஜேயோட குழப்பிக்கிட்டாங்களோ? அங்க ஐ, ஜே, கே மூணும் தலையில ஒரு தொப்பியோட வரும், அது வேற இது வேற. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், வெக்டர் கணக்குல அதே பிள்ளை ஐக்குத் தொப்பி, ஜேக்குத் தொப்பி, எல்லாம் ஒழுங்கா மாட்டியிருக்கு. அப்போ குழப்பம் இல்ல, தெரிஞ்சேதான் போட்டிருக்கு. இன்னொண்ணு. இணைக் கலப்பெண் கேட்ட ரெண்டு மார்க் கேள்வி இருக்கே, 4 + 3i, அதை இந்த அஞ்சு பேரும் 4 + j3-னு எழுதியிருக்காங்க. எழுத்து மட்டும் மாறல, இடமும் மாறியிருக்கு, எண்ணுக்கு முன்னாடி வந்து நிக்குது. தமிழ்நாட்டுல எந்தப் பிள்ளை அப்படி எழுதும்? திருத்தாத அஞ்சு பேப்பரையும் மடமடனு புரட்டினேன். எட்டாவதுல ஐ, ஒன்பதாவதுல ஜே, பத்தாவதுல ஜே, பதினொண்ணுல ஐ, பன்னெண்டுல ஜே. மொத்தம் எட்டு. இதுல ஒன்பதாவதுக்காரன் பண்ணின வேலைதான் பெரிய வேலை, முதல்ல ஐ எழுதியிருக்கான், சரியான ஐ, அதை அடிச்சுட்டு மேல ஜே போட்டிருக்கான். தப்பை அடிச்சுட்டு சரியை எழுதுறவனைப் பார்த்திருக்கேன், சரியை அடிச்சுட்டு இதை எழுதினவனை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். ஐ போட்டா வேலைக்கு ஆகாது, ஜேதான் இருக்கணும்னு நடுவுல ஞாபகம் வந்திருக்கு. காப்பியா? காப்பினா கணக்கும் ஒண்ணா இருக்கணுமே. இவன் தொகையீட்டுல தப்பு பண்ணியிருக்கான், இன்னொரு பிள்ளை அணிக் கணக்குல கோட்டை விட்டிருக்கு, ஒருத்தன் எழுதின அஞ்சு மார்க் கேள்வியை இன்னொருத்தன் தொடவே இல்ல, கையெழுத்து எட்டும் எட்டு விதம். ஒத்துப்போறது ஜே மட்டும்தான். அப்போ இது காப்பி இல்ல. குறி.

குறினா என்னன்னு இந்த ஹால்ல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. பேர் இருக்கிற பகுதியைக் கிழிச்சு எடுத்துட்டு வெறும் நம்பரை ஒட்டித்தான் நமக்குப் பேப்பர் வருது, யாரு எந்த ஊருனு நமக்குத் தெரியாது. தெரியக்கூடாது. தெரியணும்னு நெனைக்கிறவன் முன்கூட்டியே ஒரு அடையாளம் பேசி வச்சுக்குவான், ஒரு பூ வரையிறது, முதல் பக்கத்துல ஒரு புள்ளி வைக்கிறது. பேப்பர் போய்ச் சேர வேண்டிய இடத்துல சேர்ந்ததும் அந்த ஆளு குறியைப் பார்த்து மார்க்கை அள்ளிக் கொட்டுவான். முதல் நாள் கூட்டத்துல இதைத்தானே மைக் வச்சுச் சொன்னாங்க, அடையாளக் குறி எது தென்பட்டாலும் உடனே எழுத்து மூலமா தெரிவிக்கணும், தெரிவிக்கலைன்னா திருத்தினவரும் உடந்தைனு. அப்போ இந்த எட்டும் யாருக்கு வந்தது? என் கட்டுல வந்திருக்கே. பக்கத்து நாற்காலி எஸ்தர் டீச்சருக்குப் போக வேண்டியது மாறி எனக்கு வந்துடுச்சோ? காலையில கட்டைக் குடுக்கும்போது அவங்க, "நீங்க அதை எடுத்துக்கங்க டீச்சர், நான் இதை எடுத்துக்கறேன்"னு சொன்னாங்களே, ஏன் சொன்னாங்க? மாத்திக்க வேண்டிய அவசியம் என்ன? இல்ல, மாத்தலைனா எனக்கு எது வந்திருக்கும்? இல்ல, என்னைச் சோதிக்கிறதுக்குன்னே யாராவது... சீ, என்ன மூளை இது. மக சொல்லுவா, "அம்மா, நீ டீச்சருக்குப் போனது நஷ்டம், போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்"னு. இஸ்திரிக்காரர் துணியைக் கொண்டு வந்து குடுத்தா அவர் நிக்கும்போதே எண்ணுவேன். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துத்தான் உள்ள விடுவேன். இது வியாதினா வியாதிதான், ஆனா இந்த வியாதியை எனக்குக் குடுத்ததே கணக்கு வாத்தியாருங்கதான். எட்டாம் வகுப்புல நெகட்டிவ் எண்ணுக்கு வர்க்கமூலமே கிடையாதுன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாங்க, நானும் நம்பினேன், நோட்டுல அடிக்கோடு போட்டு எழுதி வச்சேன். பிளஸ் டூ போனதும் இருக்குன்னுட்டாங்க. பேரு கற்பனை எண். இல்லாததுக்கு ஒரு பேரை வச்சு, கூட்டி, கழிச்சு, வகுத்து, அதுக்கு மார்க்கும் போடுறாங்க. அன்னைக்கே வாத்தியாருங்க மேல இருந்த நம்பிக்கை எனக்குப் போச்சு, அப்புறம் நானே வாத்தியார் ஆனேன்.

"என்ன டீச்சர், பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" எஸ்தர் டீச்சர் கேட்கிறாங்க, கேட்டுக்கிட்டே ஒரு பக்கத்தைத் திருப்பி மூணு டிக் அடிச்சுட்டாங்க, அப்படி ஒரு வேகம், அந்த வேகத்தைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். "ஒண்ணுமில்ல டீச்சர், தலைவலி"ன்னேன். சொல்லக்கூடாது, அவங்ககிட்ட சொல்லக்கூடாது, மத்தியானத்துக்குள்ள நாப்பது பேருக்கும் தெரிஞ்சுடும். ரெண்டு வருஷம் முன்னாடி நான் மெமோ வாங்கினது இப்படித்தான் ஹால் பூரா தெரிஞ்சுது. ஒரு பையனோட அஞ்சு மார்க்கை முதல் பக்கத்துக் கட்டத்துல ஏத்த விட்டுட்டேன், அவ்வளவுதான், அந்தப் பையன் மறுகூட்டலுக்குப் போட்டான், அஞ்சு கூடுச்சு, எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்துச்சு. அடுத்த தடவை தப்பு பண்ணினா பதினேழு பி, ஒழுங்கு நடவடிக்கைனு எச்சரிக்கை. இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு எனக்கு. அந்தப் பயத்துலதான் போன வருஷம் ஒண்ணு செஞ்சேன், அதை யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒரு பையன் கடைசிப் பக்கத்துல, "சார் எப்படியாவது பாஸ் போட்டுடுங்க, அப்பா அடிப்பார்"னு எழுதியிருந்தான். திருத்துறவங்களுக்கு வேண்டுகோள் எழுதுறது ஒழுங்கீனம், ஹால் டிக்கெட் பின்னாடியே போட்டிருக்கு. நான் அந்தப் பேப்பரை மேலிடத்துக்கு எடுத்துக் குடுத்துட்டேன். விதிப்படிதான் செஞ்சேன். அவன் பாஸ் மார்க்கே எடுத்திருந்தான், அந்த வேண்டுகோளே வேண்டியதில்ல அவனுக்கு. ரிசல்ட்டை நிறுத்தி வச்சிருப்பாங்க. அப்பா அடிச்சாரானு தெரியல. அதை நான் நெனைக்கவே மாட்டேன், இப்ப எதுக்கு நெனைக்கிறேன்.

எழுந்து டேபிள் முனைக்குப் போனேன். அங்க எங்க குழுவுக்கு முதன்மைத் தேர்வாளர் ஞானசிகாமணி சார் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு ஏதோ படிவம் நிரப்பிக்கிட்டிருந்தார். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க." பார்த்தார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்ன டீச்சர் இது, ஜே?" "எட்டு பேப்பர் சார்." அவர் முகம் மாறுச்சு, குரலைத் தணிச்சுக்கிட்டார். "குறியா இருக்குமோ?" "நீங்கதான் சார் சொல்லணும்." "நான் எப்படிச் சொல்றது, திருத்துறது நீங்க. சந்தேகம்னா எழுதிக் குடுங்க, எட்டு நம்பரையும் குறிச்சுக் கையெழுத்து போட்டு. ஒரு மணிக்கு முகாம் அலுவலர்கிட்ட சேர்த்துடறேன்." "சேர்த்தா என்ன சார் ஆகும்?" "ரிசல்ட்டை நிறுத்தி வைப்பாங்க, விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. எல்லாம் முடிய ஆகஸ்ட் ஆயிடும். அதுக்குள்ள காலேஜ் கவுன்சிலிங் முடிஞ்சுடும், பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் போச்சு." "எழுதிக் குடுக்கலைனா?" அவர் சிரிச்ச மாதிரி இருந்துச்சு, சிரிக்கலையோ என்னவோ. "பின்னாடி யாராவது கண்டுபிடிச்சா பேப்பர்ல உங்க கையெழுத்துதானே டீச்சர் இருக்கும்?" சொல்லிட்டு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பாரு, எவ்வளவு சாமர்த்தியம், பார்த்தது ரெண்டு பேரும், கையெழுத்து மட்டும் நான். எழுதினாலும் நான், எழுதாட்டாலும் நான். வாங்கிக்கிட்டு வந்து உட்கார்ந்துட்டேன். மணி பதினொண்ணு நாப்பது.

படிவத்துல என் பேரை எழுதினேன், பள்ளிக்கூடத்துப் பேரை எழுதினேன். சந்தேகத்திற்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல பேனா நின்னு போச்சு. என்ன எழுதுறது? ஐக்குப் பதிலா ஜே எழுதியிருக்காங்கனு எழுதினா படிக்கிறவன் சிரிக்க மாட்டானா? சிரிக்க மாட்டான், அவனும் என்னை மாதிரி பயந்தவனாத்தான் இருப்பான், கையெழுத்து போட்டு மேல தள்ளிவிட்டுடுவான். மேல இருக்கிறவன் இன்னும் மேல தள்ளுவான். கடைசியில பிள்ளைங்களை ஒரு பெஞ்சுல உட்கார வச்சு, யாரு சொன்னா, எவன்கிட்ட பேசினேனு கேட்பாங்க. குறினா கேட்கட்டும். குறி இல்லைனா? குறி இல்லைனா வேற என்னடி, நீயே சொல்லு. எல்லாம் ஒண்ணா இருந்தா கூட்டுச் சதினு ஒரு விதி வச்சிருக்க, அது எல்லா இடத்துலயும் செல்லுமா? ரூட் ஏ பெருக்கல் ரூட் பி, ரூட் ஏபினு பிள்ளைங்க மனப்பாடம் பண்ணியிருக்கும், மைனஸ் நாலு, மைனஸ் ஒன்பது ரெண்டையும் ரூட்டுக்குள்ள குடுத்துப் பாரு, நேரா பெருக்கி முப்பத்தாறு, ரூட் எடுத்தா ஆறுனு எழுதிட்டு நிம்மதியா போயிடும். சரியான விடை மைனஸ் ஆறு. அந்த விதி நெகட்டிவ் பக்கம் செல்லாதுனு வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துறவ நான். சரி, அவசரப்படாதே, நேரம் இருக்கு, எட்டையும் முதல்லேர்ந்து படி. மார்க் போடுறதுக்கு இல்ல, வரி வரியா, அடிச்சது, கிறுக்கினது, ஓரத்துல எழுதினது எல்லாத்தையும் படி. அடிச்ச பகுதியைத் திருத்த வேண்டியதில்லனு விதி இருக்கு, எஸ்தர் டீச்சரெல்லாம் அடிச்ச பக்கத்தைக் கண்ணால கூடப் பார்க்க மாட்டாங்க. எனக்கு அப்படி முடியாது. ஒருத்தர் ஒண்ணை எழுதிட்டு அடிக்கிறார்னா எதையோ மறைக்கிறார்னுதான் எனக்குத் தோணும், மறைக்கிறதைத்தான் நான் முதல்ல படிப்பேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒண்ணுமில்ல. ஒன்பதாம் நம்பர், ஐயை அடிச்சு ஜே போட்டவன், அவன்கிட்டயும் ஒண்ணுமில்ல. பன்னெண்டாவது பேப்பர், கடைசியில எழுதின பக்கம், கீழ்ப் பாதி, மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி அடிச்சிருக்கு. குண்டு குண்டா எழுத்து, பொண்ணு எழுத்துதான். ரஃப் ஒர்க்கா இருக்கும்னு பார்த்தா கணக்கே இல்ல. "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, எங்க ஸ்கூலில் ஆகஸ்ட் மாதத்தில் இருந்து கணக்குக்கு டீச்சர் இல்லை. எங்க ஊர் சப் ஸ்டேஷனில் வேலை செய்யும் இன்ஜினியர் அக்கா சனி ஞாயிறு வந்து எங்களுக்கு நடத்தினாங்க. கரண்ட் வேலையில் i என்றால் கரண்ட்டாம், அதனால் அவங்க j தான் போடுவாங்க, நம்பருக்கு முன்னாடி போடுவாங்க. பரிட்சையில் i போடுங்க என்று கடைசி வாரம் சொன்னாங்க. எனக்குக் கை j தான் போகிறது. அடித்து அடித்து எழுதினால் நேரம் போகிறது. நான் எழுதியது தப்பு இல்லை. தயவு செய்து" அவ்வளவுதான். தயவு செய்து-வோட நின்னு போச்சு. அந்த இடத்துல ஹால் டிக்கெட் பின்னாடி இருக்கிறது ஞாபகம் வந்திருக்கும், பதறிப்போய் ரெண்டு கோடு இழுத்திருக்கா.

அடியே. அடியே என் கண்ணு. முதல்ல இதுதான் வந்துச்சு மனசுல, அடுத்த நிமிஷமே, நில்லு, நம்பாதேனு இன்னொண்ணு வந்துச்சு. இதுவும் ஏற்பாடா இருந்தா? மாட்டினா காட்டிக்கலாம்னு ஒருத்தியை விட்டு எழுத வச்சிருந்தா? ஏற்பாடு பண்ணினவன் அடிச்சு வைப்பானா, எவனும் படிக்காத மாதிரி? படிப்பாங்கனு தெரிஞ்சே அடிச்சிருந்தா? ஐயோ, நான் ஒருத்திதான் அடிச்சதைப் படிக்கிறவ, அது எவனுக்குத் தெரியும். கரண்ட் வேலை பார்க்கிறவங்க ஜே போடுவாங்களா? எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருஷமா கலப்பெண் நடத்துறேன், அதை வச்சு வெளியில யாரு என்ன பண்றாங்கனு ஒரு நாளும் கேட்டதில்ல, அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணு, ரெண்டு மார்க் ஒண்ணு, அதுக்கு மேல எனக்கு அதோட பேச்சுவார்த்தை இல்ல. போனைப் பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும், போனைத்தான் காலையிலயே வாசல்ல வாங்கி வச்சுட்டாங்க. ஆனா கரண்ட்டுக்கு ஐனு பிசிக்ஸ்காரங்க போடுறது எனக்கே தெரியும். அப்போ ஐ அங்க ஏற்கனவே ஆள் இருக்கிற இடம், வேற எழுத்துதான் வேணும், அடுத்த எழுத்து ஜே. ஒத்து வருது. நம்பருக்கு முன்னாடி ஜேயும் ஒத்து வருது. ஒன்பதாம் நம்பர் பையன்கூட ஒத்து வர்றான், ஐல ஆரம்பிச்சுட்டான், நடுவுல கை பழக்கத்துல ஜே விழுந்துடுச்சு, ரெண்டு எழுத்து கலந்தா தப்புனு முதல் ஐயை ஜேயாக்கியிருக்கான். எல்லாம் ஒத்து வருது. ஒத்து வர்றதுக்காக உண்மைனு ஆயிடுமா? ஆகாது. ஆனா எழுந்து போய் சார்கிட்ட இதைக் காட்டிடலாம், அவரே முடிவு பண்ணட்டும்னு பாதி எழுந்தேன். எழுந்தவ அப்படியே உட்கார்ந்துட்டேன். இதைக் காட்டினா ஏழு பேர் தப்பிச்சுடுவாங்க, இவ மாட்டிக்குவா. இது வேண்டுகோள். அடிச்சிருந்தாலும் எழுதினது எழுதினதுதான். போன வருஷம் நான் ஒருத்தனைத் தூக்கிக் குடுத்தது இதே மாதிரி ஒரு வேண்டுகோளுக்குத்தான். இதைக் காட்டாம படிவத்தை மட்டும் எழுதிக் குடுத்தா எட்டு பேரும் போறாங்க, இவளும் சேர்த்து. இவளை எப்படிப் போட்டாலும் இவதான் போறா. இப்படி ஒரு கணக்கு உண்டா, மண்டை காயுது. எஸ்தர் டீச்சர் எட்டிப் பார்க்கிறாங்களா? இல்ல, கடிகாரத்தைப் பார்க்கிறாங்க. பக்கத்தை மூடிட்டேன். மூடின உடனே திறந்துட்டேன். நான் எழுதியது தப்பு இல்லைனு எழுதியிருக்கா பாரு, பாஸ் போடுங்கனு கேட்கல, மார்க் குடுங்கனு கேட்கல. தப்பு இல்லைனு சொல்றதுக்கு ஒருத்தர் தயவு செய்து-னு கெஞ்ச வேண்டியிருக்கு. இதை நம்பினா நான் முட்டாளா ஆகலாம், பதினேழு பி வரலாம். நம்பாம எழுதிக் குடுத்தா எனக்கு ஒண்ணும் வராது, எனக்கு மட்டும் ஒண்ணும் வராது.

மணி பன்னெண்டரை. போனேன். காரணக் கட்டத்தை நிரப்பாமலே படிவத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். "சார், இது குறி இல்ல." "எப்படிச் சொல்றீங்க?" "கரண்ட் வேலைக்காரங்க எல்லாம் ஜேதான் சார் போடுவாங்க. அவங்களுக்கு ஐனா கரண்ட். யாரோ அந்த வேலைக்காரங்ககிட்ட பிள்ளைங்க படிச்சிருக்கு." "அது சரி டீச்சர், இவ்வளவு நேரம் தெரியாதது இப்ப எப்படித் தெரிஞ்சுது?" அதைத்தான் கேட்பார்னு தெரியும், அதுக்கு ஒண்ணும் யோசிக்காமத்தான் போயிருந்தேன், என் வாய் தானா சொல்லுது, "எங்க வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸ்ல இருந்தவர் சார், அவர் நோட்டுல இப்படித்தான் எழுதியிருப்பார், டக்குனு இப்பதான் ஞாபகம் வந்துச்சு." இத்தனை வருஷத்துல அரசாங்க வேலையில நான் சொன்ன முதல் பொய், அதுவும் இவ்வளவு மட்டமான பொய். அவர் கையை நீட்டினார். "எட்டையும் குடுங்க, ஒரு பார்வை பார்த்துடறேன்." வேணாம் சார்னு சொல்ல முடியுமா? என் இடத்துலேர்ந்து எடுத்துட்டு வந்து குடுத்தேன். பன்னெண்டாவது அடியில இருக்கு, அதுவரைக்கும் வர மாட்டார், ரெண்டு மூணு பார்த்துட்டுப் போதும்பார்னு நெனச்சேன். ஒவ்வொண்ணா எடுத்தார், ஒவ்வொரு பக்கமா திருப்பினார், இந்த மனுஷனும் என்னை மாதிரிதானா, கடவுளே. கடைசிப் பேப்பரை எடுத்தார். கடைசிப் பக்கம் வந்தார். கண்ணாடிக்குள்ள அவர் கண்ணு இடமிருந்து வலமா போகுது, திரும்பி வருது, போகுது. படிக்கிறார். நான் குடுத்துட்டேன். என் கையாலயே மறுபடியும் ஒருத்தியைத் தூக்கிக் குடுத்துட்டேன். அவர் பேப்பரை மூடி மத்த ஏழுக்கும் மேல வச்சார், நாலு ஓரத்தையும் தட்டிச் சமம் பண்ணினார். "டீச்சர், போன தீபாவளிக்கு என் சம்சாரத்துக்கு உங்க வீட்டுக்காரர்தானே புடவை எடுத்துப் போட்டார், ஜவுளிக்கடையில மேனேஜரா நின்னுக்கிட்டு. கரண்ட் ஆபீஸுக்கு எப்ப போனார்?" அவர் என் கையிலிருந்த படிவத்தை வாங்கி நாலா மடிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். "அடிச்ச பக்கத்தை நான் படிக்கிறதில்ல. விதியில அப்படி இல்ல. ஜே போட்டதுக்கு மார்க் குறைக்காதீங்க, ஒரு மணிக்குள்ள முடிச்சுக் குடுங்க, பசிக்குது."

வந்து உட்கார்ந்தேன். எதுக்கு விட்டார்? நாளைக்கு எதையாவது கேட்பாரோ, அந்தப் படிவத்தை எதுக்கு மடிச்சு வச்சுக்கிட்டார், கிழிச்சுப் போட்டிருக்கலாமே. சந்தேகம் வருது, வராம எங்க போகும், வந்துட்டுப் போகட்டும். பன்னெண்டாவதை முதல்ல எடுத்தேன். அவ கலப்பெண் கணக்கு. மட்டு மதிப்பு ரெண்டு, சரி. வீச்சு, அந்தக் கோணம்... அட பாவி மகளே, π/3-னு போட்டிருக்க. மைனஸ் ஒண்ணு, மைனஸ் ரூட் மூணு, ரெண்டும் மைனஸ், புள்ளி மூணாவது கால்பகுதியில போய் உட்கார்ந்திருக்கு, நீ முதல் கால்பகுதியில தேடியிருக்க. −2π/3 வரணும். ஆனா ஆறால பெருக்கினதும் தப்புக் கோணமும் சரிக் கோணமும் ஒரே இடத்துல போய் நின்னுடுச்சு, விடை அறுபத்து நாலு, மிகச் சரியா அறுபத்து நாலு. அவசரமா திருத்துறவங்க விடையைப் பார்த்துட்டு அஞ்சு போட்டுட்டுப் போயிடுவாங்க. அஞ்சு போடேன்டினு என் கையே என்னைக் கெஞ்சுது. வீச்சுக்கு ஒரு மார்க்னு விடைக்குறிப்புல இருக்கு. மூக்கை உறிஞ்சிக்கிட்டு நாலுனு எழுதினேன், எழுதிச் சுத்தி வட்டம் போட்டேன். போடி, உனக்காக நான் பொய்யே சொல்லிட்டேன், இந்த ஒரு மார்க்கை மட்டும் என்கிட்ட கேட்காதே.